ஆடம்ஸ் குடும்பத்தின் காகிதக் குவியலுக்குள் எங்கே நுழைவது?

கேள்வி சுருக்கமாக இது: அமெரிக்கா தனி நாடான காலத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் மூலத்திலேயே படிக்க வேண்டும். யாருடையதைப் படிப்பது, எங்கே தொடங்குவது, அதில் எழுதியிருப்பதை எவ்வளவு தூரம் நம்புவது?

முதல் பகுதிக்கு யோசிக்கவே வேண்டாம். மாசசூசெட்ஸ் ஆடம்ஸ் குடும்பம்தான். இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸ், அவர் மனைவி அபிகெய்ல், ஆறாவது அதிபரான மகன் ஜான் குவின்சி, மருமகள் லூயிசா, பேரன் சார்லஸ் பிரான்சிஸ் என்று மூன்று தலைமுறையாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஜானும் அபிகெய்லும் ஒருவருக்கொருவர் எழுதியதில் மட்டும் 1,100-க்கு மேல் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ஜானின் நாட்குறிப்பு 51 நோட்டுகள். அவற்றில் பல, காகிதத்தை மடித்துத் தைத்துக்கொண்ட மெல்லிய நோட்டுகள். மகனுடையதும் 51 தொகுதிதான், ஆனால் 14,000 பக்கத்தைத் தாண்டுகிறது. 1950-களில் மொத்தத்தையும் மைக்ரோஃபிலிமில் ஏற்றியபோது 608 சுருள்கள் ஆயின.

அந்தக் காலத்தின் மற்ற பெரிய வீடுகளில் இப்படி எதுவும் இல்லை. மார்த்தா வாஷிங்டன், கணவர் இறந்த பிறகு இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை எரித்துவிட்டார். ஏதோ கை தவறித் தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மூன்றாவது அதிபர் ஜெஃபர்சனும் அவர் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆடம்ஸ் வீட்டில் மட்டும் குண்டூசி விலை முதல் பிரசவ வலி வரை எல்லாம் அப்படியே கிடக்கிறது. காரணம் பெருந்தன்மை அல்ல. தங்களை வரலாறு மறந்துவிடும், இல்லாவிட்டால் தப்பாக எழுதிவிடும் என்ற பயம் அந்தக் குடும்பத்துக்கு ரத்தத்திலேயே இருந்தது. அந்தப் பயத்தால்தான் நமக்கு இவ்வளவு கிடைத்தது. படிக்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதும் அதனால்தான்.

எங்கே தொடங்குவது என்றால், பலரும் ஜானின் நாட்குறிப்பைச் சொல்வார்கள். நான் அபிகெய்லின் கடிதங்களைச் சொல்வேன், அதிலும் 1774 முதல் 1777 வரை உள்ளவற்றை. 1774 ஆகஸ்டில் ஜான், பிரிட்டனின் அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் கூட்டத்துக்காகப் பிலடெல்பியா கிளம்புகிறார். அபிகெய்லுக்கு அப்போது 29 வயது. பாஸ்டனுக்குத் தெற்கே பிரெயின்ட்ரீ கிராமத்தில் நான்கு குழந்தைகள், பண்ணை, கூலியாட்கள், கடன் பாக்கி எல்லாம் அவர் தலையில். பள்ளிக்கூடம் போனதே இல்லை. எழுத்துப்பிழை ஏராளம், நிறுத்தற்குறி என்று ஒன்று இருப்பதையே பல இடங்களில் மறந்துவிடுவார். ஆனால் கண் கூர்மையானது, கையும் அதற்கு ஈடு கொடுத்தது.

ஒரு மாதிரி பாருங்கள். 1775 ஜூன் 16-ஆம் தேதிக் கடிதத்தில், வரும்போது குண்டூசிக் கட்டு ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று கணவரைக் கேட்கிறார். இங்கே ஊசிக்கு அவ்வளவு தட்டுப்பாடு, ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கியது இப்போது இருபது ஷில்லிங் என்கிறார். பிரிட்டனோடு வாணிபம் முறிந்தது என்று வரலாற்றுப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதை இந்த ஊசி விலை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது! மறுநாள் 17-ஆம் தேதி, பாஸ்டன் அருகே பிரிட்டிஷ் படையோடு பங்கர் ஹில் போர். ஏழு வயது ஜான் குவின்சியோடு வீட்டருகே இருந்த பென்ஸ் ஹில் மேட்டில் ஏறி நின்று, சார்ல்ஸ்டவுன் எரிவதைப் பார்க்கிறார். 18-ஆம் தேதி எழுதத் தொடங்கும் கடிதத்தில், குடும்ப நண்பர் டாக்டர் ஜோசப் வாரன் செத்துப்போன செய்தி. சிறுவனின் முறிந்த விரலை வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்த வைத்தியர் அவர். பீரங்கிச் சத்தம் ஓயவில்லை, சாப்பிடவோ தூங்கவோ முடியவில்லை என்கிறார். இரண்டு நாள் முன்பு ஊசி கேட்ட அதே கை.

1777 ஜூலை கடைசியில் எழுதிய கடிதம் இன்னொன்று. பாஸ்டனில் காபிக்கும் சர்க்கரைக்கும் பஞ்சம். வியாபாரிகள் பதுக்குகிறார்கள் என்று பேச்சு. பணக்காரரும் கஞ்சரும் பிரம்மச்சாரியுமான ஒரு வியாபாரியின் கிடங்கில் பீப்பாய் நிறையக் காபி இருக்கிறது, பவுண்டு ஆறு ஷில்லிங்குக்குக் குறைத்துத் தர மாட்டேன் என்கிறார். நூறு பெண்கள், அதற்கும் மேலே என்றும் சொல்கிறார்கள், வண்டியோடு வந்து சாவியைக் கேட்கிறார்கள். அவர் மறுக்கிறார். உடனே ஒருத்தி அவர் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வண்டியில் போடுகிறாள். தப்ப வழியில்லை என்று கண்டு சாவியைக் கொடுத்ததும், வண்டியைச் சாய்த்து அவரைக் கீழே தள்ளிவிட்டுக் கிடங்கைத் திறந்து, காபியைத் தாங்களே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆண்கள் பெருங்கூட்டமாக நின்று வாயடைத்துப்போய் வேடிக்கை பார்த்தார்கள் என்று முடிக்கிறார் அபிகெய்ல். அந்த வியாபாரி தாமஸ் பாய்ல்ஸ்டன், ஜானின் தாய் வழிச் சொந்தம். அபிகெய்லின் எழுத்தில் அனுதாபம் துளியும் இல்லை. சிரிப்பு இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த கடிதம் 1776 மார்ச் 31-இல் எழுதியது: புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள், கணவர்கள் கையில் எல்லையில்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்பது. இதை மட்டும் வெட்டி எடுத்துக் கோப்பைகளிலும் சட்டைகளிலும் அச்சடித்து விற்கிறார்கள். அப்படித் தனியாகப் படிப்பது வீண். ஏப்ரல் 14-இல் ஜான் எழுதிய பதிலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உன் விசேஷமான சட்டத் தொகுப்பைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்று கேலியாகத் தட்டிக்கழித்திருப்பார். அப்புறம் ஏப்ரல் 27-இல் அபிகெய்ல் தோழி மெர்சி ஓட்டிஸ் வாரனுக்கு எழுதியது. கணவர் தந்த பதிலைச் சொல்லிக் குறைபட்டு, நாம் சேர்ந்து காங்கிரசுக்கு ஒரு மனுப் போட்டால் என்ன என்று கேட்கிறார். மூன்றையும் வரிசையாக வைத்தால்தான் அது விளையாட்டா வினையா என்பது புரியும்.

அதற்கும் மேலே ஒரு காகிதம் உண்டு. 1816 ஜனவரி 18-இல் அபிகெய்ல் தன் கைப்பட எழுதிய உயில். அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனிச் சொத்தே கிடையாது, உயில் எழுதும் உரிமையும் இல்லை. கணவர் உயிரோடு பக்கத்து அறையில் இருக்கும்போதே, தான் சேர்த்த பணத்தையும் பங்குகளையும் துணிமணிகளையும் பேத்திகள், உறவுக்காரப் பெண்கள், வேலைக்காரப் பெண்கள் என்று பெரும்பாலும் பெண்களுக்கே பிரித்துக் கொடுக்கிறார். பணம் எங்கிருந்து வந்தது? கணவர் ஐரோப்பாவில் இருந்தபோது அனுப்பிய கைக்குட்டை, ரிப்பன் போன்ற சாமான்களை விற்றது, அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட்டது. நிலம் வாங்கலாம் என்று ஜான் அடம்பிடிக்க, பத்திரத்தில் போடலாம் என்று இவர் வாதாடிய கடிதங்களும் இருக்கின்றன. கணக்கில் அந்த வீட்டின் உண்மையான மூளை யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி, இவை எப்படி மிஞ்சின? அபிகெய்ல் தன் கடிதங்களை எரித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டவர்தான். 1776 ஏப்ரல் 28-இல் ஜான் சொன்ன பதில்: கடிதங்களை எரிக்கச் சொல்கிறாய், அதற்கு முன் உன்னை மறந்தாக வேண்டும். அழகான பதில், ஆனால் முழுக் காரணம் காதல் மட்டும் இல்லை. ஜூன் 2-இல் எழுதுகிறார்: இருபது வருஷமாகக் கடிதம் எழுதுகிறேன், ஒரு நகல்கூட வைத்துக்கொண்டதில்லை; இப்போது பெரிய நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன், இனி உனக்கு எழுதுவதை அதில் பதிவு செய்து வைக்கப்போகிறேன். சுதந்திரப் பிரகடனத்துக்கு ஒரு மாதம் முன்பே மனிதருக்குத் தெரிந்துவிட்டது, தான் எழுதுவதை நாளை யாரோ படிப்பார்கள் என்று. அந்தத் தேதிக்குப் பின் உள்ள கடிதங்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடிதம் வேறு கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அவர் முன்னாலேயே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். 1775 ஜூலையில் அபிகெய்லுக்கும் நண்பர் ஜேம்ஸ் வாரனுக்கும் எழுதிக் கொடுத்தனுப்பிய கடிதங்கள் பிரிட்டிஷார் கையில் சிக்கி, ஆகஸ்டில் பாஸ்டன் செய்தித்தாளில் அச்சாகிவிட்டன. அதில் காங்கிரஸ் சகாவான ஜான் டிக்கின்சனைப் பற்றி, பணம் பெரிது, மூளை சிறிது என்கிற பொருளில் ஒரு வரி. பிறகு நடந்ததை ஜானின் நாட்குறிப்பு செப்டம்பர் 16-ஆம் தேதியின் கீழ் சொல்கிறது. தெருவில் இருவரும் எதிரெதிரே வருகிறார்கள், முழங்கை இடிக்கும் நெருக்கம். இவர் தொப்பியைக் கழற்றி வணங்குகிறார். அவர் தொப்பியையும் அசைக்கவில்லை, தலையையும் கையையும் அசைக்கவில்லை, விறைப்பாகப் போய்விடுகிறார். இனி நானும் அப்படித்தான் என்று எழுதிவைக்கிறார் ஜான். ஒரு தேசத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

ஜானின் நாட்குறிப்பு மிக நன்றாக இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான். இருபது வயதில், பள்ளி வாத்தியாராக இருந்தபோது, இனிச் சூரியன் உதிக்கும்போது எழுவேன், வாரத்தில் இத்தனை நாள் வேதம், இத்தனை நாள் லத்தீன் என்று 1756 ஜூலை 21-இல் சபதம் போடுகிறார். சில நாளிலேயே, ஏழு மணிவரை எழவில்லை, என் சபதங்களின் கதி எப்போதும் இதுதான் என்று இன்னொரு பதிவு. 1773 டிசம்பர் 17-இல், நேற்று இரவு மூன்று கப்பல் தேயிலை கடலில் கொட்டப்பட்டது என்று தொடங்கும் பதிவு இருக்கிறது. பாஸ்டன் தேநீர் விருந்து என்ற பெயரெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பு, செய்தி சூடு ஆறாமல் இருக்கும்போது, இதன் விளைவு நெடுங்காலம் நிற்கும் என்று கணித்திருப்பார்.

ஆனால் நாட்குறிப்பு என்றதும் நாள் தவறாமல் எழுதியது என்று எண்ணிவிட வேண்டாம். வேலை அதிகமாகும்போது பேனா நின்றுவிடும். அதிபராக இருந்த நான்கு வருஷத்தில் பதிவுகள் மிகக் குறைவு. பதவி போன பிறகு, 1802-இல் தொடங்கி ஒரு தன்வரலாறு எழுதுகிறார். தேர்தலில் தோற்ற கசப்பு ஆறாத மனிதர், தன் தரப்பைச் சொல்ல எழுதியது. சுவாரஸ்யத்துக்குக் குறைவில்லை. 1776 செப்டம்பரில் ஃபிராங்க்ளினோடு ஒரே கட்டிலில் படுக்க நேர்ந்த கதை அதில்தான் வருகிறது: ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் ஜலதோஷம் வராது என்று ஃபிராங்க்ளின் விரிவுரை ஆற்ற, கேட்டுக்கொண்டே இவர் தூங்கிவிடுகிறார். ஆனால் சர்ச்சைக்குரிய விஷயங்களில் கையை ஊன்றுவதற்கு முன் யோசிக்க வேண்டும். பிரகடனத்தை நீங்களே எழுதுங்கள் என்று ஜெஃபர்சன் தன்னைக் கேட்டதாகவும், தான்தான் காரணங்களை அடுக்கி அவரை எழுத வைத்ததாகவும் சொல்கிறார். 1823-இல் இதைக் கேள்விப்பட்ட ஜெஃபர்சன், அப்படி எதுவும் நடக்கவில்லை, குழு முழுக்கச் சேர்ந்து என்னைத்தான் எழுதச் சொன்னது என்று மேடிசனுக்கு எழுதினார்.

ஆகவே நம்பகம் பற்றிய கேள்விக்கு என் அளவுகோல் இது: அன்றன்று எழுதியதற்கு அதிக மதிப்பு, வருஷம் கழித்து எழுதியதற்குக் குறைந்த மதிப்பு. அன்றன்று எழுதியதிலும் கணிப்பு தவறலாம். அதுவே ஒரு சுவை. 1776 ஜூலை 3-இல் ஜான் மனைவிக்கு எழுதுகிறார், ஜூலை 2-ஆம் தேதியை வருங்காலத் தலைமுறைகள் மணியோசையும் வாணவேடிக்கையுமாகத் திருவிழா எடுக்கும் என்று. காங்கிரஸ் சுதந்திரத்துக்கு வாக்களித்த நாள் 2-தான். திருவிழா பிடித்துக்கொண்டது 4-ஐ.

அப்புறம் தேதி விஷயம். இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது எழுதிய தேதியோடு, கைக்குக் கிடைத்த தேதியையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பிலடெல்பியாவுக்கும் பிரெயின்ட்ரீக்கும் நடுவே தபால் போக இரண்டு மூன்று வாரம் ஆகலாம். 1777 ஜூலையில் அபிகெய்ல் நிறைமாதம். 9-ஆம் தேதி, நேற்று இரவு உடம்பு நடுங்கியது, வயிற்றில் உயிர் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதுகிறார். 10-ஆம் தேதிக் கடிதத்தின் நடுவில், தப்பிக்க முடியாததைத் தாங்கிக்கொள்ள இந்தக் கணம் பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று ஒரு வரி; அடுத்து, தாங்கிவிட்டேன், மறுபடி எடுக்கிறேன் என்று இன்னொரு வரி. வலி வந்து போன இடைவெளி காகிதத்தில் அப்படியே நிற்கிறது. அதே 10-ஆம் தேதி பிலடெல்பியாவில் ஜான் எழுதிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? இது உன் கைக்கு வருவதற்குள் தாயைப் போலவே அழகும் அறிவும் உள்ள ஒரு பெண் குழந்தை உன் மடியில் இருக்கும் என்று. 11-ஆம் தேதி பெண் குழந்தைதான் பிறந்தது, உயிரில்லாமல். ஜானுக்குச் செய்தி வந்து சேர்ந்தது 28-ஆம் தேதி. தேதியைக் கவனிக்காமல் அச்சில் உள்ள வரிசைப்படி மட்டும் படித்துக்கொண்டு போனால் இது எதுவும் பிடிபடாது. ஜான் கடல் கடந்து பிரான்ஸ் போன பிறகு இந்த இடைவெளி மாதக் கணக்காகிறது. கப்பலை எதிரி பிடித்தால் தபால் பையைக் கடலில் எறிந்துவிடுவார்கள்.

மகன் ஜான் குவின்சியின் நாட்குறிப்பு வேறு ரகம். அப்பா நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார், நல்லது என்று தெரிகிறது, ஆனால் தினமும் எழுதப் பொறுமை இல்லை என்று 11 வயதில் பிரான்சிலிருந்து அம்மாவுக்கு எழுதிய பையன் அவர். 1779 நவம்பரில், அப்பாவோடு இரண்டாம் முறை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும் சமயத்தில், 12 வயதில் தொடங்கியவர், 1848 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே விழுந்து இறக்கும் காலம்வரை அநேகமாக விடவில்லை. கிட்டத்தட்ட 68 வருஷம். இதை முதலிலிருந்து படிக்கிறேன் என்று கிளம்பினால் சத்தியமாகப் பாதியில் ஓடிவிடுவீர்கள். காலை எழுந்த நேரம், வேதத்தில் படித்த அதிகாரம், பொட்டோமாக் ஆற்றில் நீந்தியது, யார் யார் வந்து வேலை கேட்டார்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். சம்பவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

எனக்குக் கேட்டால் 1820-இன் மிசூரி உடன்பாட்டுக் காலத்தை முதலில் சொல்வேன். புதிதாகச் சேரும் மாநிலத்தில் அடிமை முறை இருக்கலாமா என்ற தகராறு. வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் குவின்சி வெளியே அதிகம் வாய் திறக்கவில்லை, சமரசத்துக்கு ஒத்துப்போனார். அந்த மார்ச்சில் அமைச்சரவைக் கூட்டம் முடிந்து தென்மாநிலத்தவரான கல்ஹூனோடு பேசிக்கொண்டே நடந்து வந்ததை வீட்டில் உட்கார்ந்து எழுதும்போதுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வருகிறது. உடல் உழைப்பே அடிமைகளுக்கு உரியது என்று அவர்கள் நினைப்பதன் விகாரத்தை வரி வரியாக எழுதுகிறார். இந்தத் தகராறு பெரிய துயர நூல் ஒன்றின் தலைப்புப் பக்கம்தான் என்று அதே ஆண்டில் எழுதினார். நாற்பது வருஷம் கழித்து உள்நாட்டுப் போர் வந்தது. அதிபர் பதவிக்குப் பிறகு சாதாரண உறுப்பினராக அவைக்குத் திரும்பி, அடிமை முறைக்கு எதிரான மனுக்களை அவையில் எடுக்கவே கூடாது என்ற வாய்ப்பூட்டு விதியோடு 1836 முதல் மல்லுக்கட்டினார். 1844 டிசம்பர் 3-இல் விதி விழுந்தது. அன்றைய பதிவின் முடிவில் கடவுளுக்கு நன்றி சொல்கிறார், எப்போதும் உள்ள சிடுசிடுப்பு இல்லாமல். அவர் ஒரு நாளைக்கு ஒரு வரி என்று எழுதிவைத்த குறிப்புகளும் தனியே உண்டு. 1809-இல் ரஷ்யாவுக்குத் தூதராகக் கிளம்பிய நாளிலிருந்து அந்த வரிகளை, சரியாக 200 வருஷம் கழித்து 2009-இல் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் ட்விட்டரில் நாளுக்கு ஒன்றாகப் போட்டது. அந்த அளவுக்குச் சுருக்கம்.

மாமனாரும் கணவரும் இவ்வளவு எழுதிக் குவித்த வீட்டில், தன் தன்வரலாறு ஒன்றுக்கு 'ஒன்றுமில்லாதவளின் சாகசங்கள்' என்று தலைப்பு வைத்தவர் லூயிசா கேதரின். லண்டனில் பிறந்த மருமகள். கணவர் முன்னதாகக் கிளம்பிப் போய்விட, 1815 பிப்ரவரி 12-இல், தன் 40-வது பிறந்தநாளில், ஏழு வயது மகனோடு பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வண்டியில் கிளம்பி, பனியையும் போரில் சிதைந்த ஊர்களையும் தாண்டி மார்ச் 23-இல் பாரிஸ் சேர்கிறார். ஒரு வயதில் இறந்த மகளை ரஷ்ய மண்ணில் விட்டுவிட்டு வந்த பயணம். பாரிசை நெருங்கும்போது எல்பா தீவிலிருந்து திரும்பிவிட்ட நெப்போலியனின் படையாட்கள் ரஷ்ய வண்டியைக் கண்டு சூழ்ந்துகொள்ள, இவர் நெப்போலியன் வாழ்க என்று பிரெஞ்சில் குரல் கொடுத்துத் தப்பிக்கிறார். இதை எழுதியது 1836-இல், 21 வருஷம் கழித்து. என் அளவுகோல்படி மதிப்பைக் குறைக்க வேண்டும்தான். ஆனாலும் இந்தக் குடும்பத்தில் கதை சொல்லத் தெரிந்தவர் லூயிசா ஒருவர்தான் என்பதால், விதிவிலக்குக் கொடுக்கிறேன்.

இவ்வளவு எழுத்திலும் பேசாத ஆட்கள் உண்டு. அபிகெய்லின் தந்தை ஒரு பாதிரியார், வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர். அவர்களில் ஃபீபி என்ற பெண்ணுக்கு 1783-இல் அவர் உயிலின் மூலம் விடுதலை கிடைத்தது. அபிகெய்ல் ஐரோப்பா போயிருந்தபோது பிரெயின்ட்ரீ வீட்டைப் பார்த்துக்கொண்டது ஃபீபியும் அவர் கணவரும்தான். ஆனால் அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைத்தான் நாம் படிக்கிறோம். அபிகெய்ல் 1774-இலேயே அடிமை முறை அக்கிரமம் என்று எழுதியவர். 1797 பிப்ரவரியில் வேலைக்காரக் கறுப்பினச் சிறுவன் ஜேம்ஸை மாலைப் பள்ளியில் சேர்த்தபோது, இவன் வந்தால் மற்றப் பையன்கள் வர மாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் ஒருவர் வந்து சொல்ல, அவன் உங்கள் பிள்ளைகளைப் போலவே சுதந்திரமானவன், முகம் கறுப்பு என்பதற்காகப் படிப்பு கிடையாதா, அப்புறம் எப்படிப் பிழைப்பான் என்று கேட்டு அனுப்பியதைக் கணவருக்கு எழுதுகிறார். நல்ல கடிதம். ஜேம்ஸ் அன்று என்ன நினைத்தான் என்பதற்கு அந்தக் குவியலில் காகிதம் இல்லை.

பதிப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அபிகெய்லின் கடிதங்களை முதலில் 1840-இல் வெளியிட்டவர் பேரன் சார்லஸ் பிரான்சிஸ். பாட்டியின் எழுத்துப்பிழையைத் திருத்தி, பிள்ளைப்பேறு, நோய் நொடி, வீட்டுச் சண்டை என்று சபைக்கு ஆகாது என்று பட்டதை வெட்டிவிட்டுத்தான் போட்டார். இலவசமாகக் கிடைக்கும் பழைய மின்நூல்களில் பல அந்த வழி வந்தவை. அவற்றில் படித்தால் பளிங்குச் சிலையாக ஒரு அபிகெய்ல் கிடைப்பார். அதே பேரன்தான், தந்தையின் உயில்படி, தீப்பிடிக்காதபடி வீட்டிலிருந்து தள்ளி ஒரு கல் நூலகம் கட்டி 1870-இல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினார். 1905-இல் குடும்பம் ஒரு அறக்கட்டளை வைத்துப் பூட்டியது. வெளி ஆட்கள் உள்ளே போவது பெரும்பாடு. 1956-இல்தான் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துக்கு மொத்தத்தையும் கொடுத்தார்கள். லைமன் பட்டர்ஃபீல்டு தலைமையில் திருத்தாத மூலம் 1961 முதல் அச்சில் வரத் தொடங்கியது. தொகுதிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

இத்தனை பூட்டுக்கும் தப்பிய ஒரு நோட்டும் உண்டு. ஜான் கல்லூரிக் காலத்தில், 1753-இல் எழுதத் தொடங்கிய அவருடைய மிகப் பழைய நாட்குறிப்பு, 1965-இல் வெர்மான்ட் வரலாற்றுச் சங்கத்தில் ராயல் டைலர் என்பவரின் காகிதங்களுக்கு நடுவே அகப்பட்டது. டைலர், ஜானின் மூத்த மகளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு அந்த வீட்டோடு பழகியவர். பேச்சு முறிந்துபோய், பின்னால் வெர்மான்டில் தலைமை நீதிபதியானவர். பெண் கிடைக்கவில்லை, மாமனாராக வேண்டியவரின் நோட்டு மட்டும் எப்படியோ கூடவே போய்விட்டது.

படிக்கக் காசு செலவில்லை. மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் இணையதளத்தில் ஜான்–அபிகெய்ல் கடிதங்களும் ஜானின் நாட்குறிப்பும் கையெழுத்துப் படத்தோடு, பக்கத்திலேயே அச்செழுத்தில் இருக்கின்றன. ஜான் குவின்சியின் நாட்குறிப்பையும் தேதிவாரியாகத் தேடலாம். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் அடிக்குறிப்புகளோடு படிக்கலாம். யார் எந்த உறவு என்று குழம்பும்போது அடிக்குறிப்புதான் கைகொடுக்கும், ஏனென்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஜான், அபிகெய்ல், எலிசபெத், சார்லஸ் என்ற நாலைந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப. அபிகெய்ல் தன் பெயரைப் போடாமல் 'போர்ஷியா' என்று கையெழுத்திட்டிருப்பதைக் கண்டு வேறு யாரோ என்று நினைக்க வேண்டாம், புனைபெயர் அது. 1775 ஜூன் மாதத்துக் கடிதங்களைத் திறந்து, ஜான் எழுதியது ஒன்று, அபிகெய்ல் எழுதியது ஒன்று என்று மாற்றி மாற்றிப் படித்துப் பாருங்கள். முதல் நாலைந்து கடிதத்துக்கு எழுத்துப்பிழை தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் சரியாகிவிடும்; அபிகெய்ல் காதில் கேட்டபடி எழுதியவர்.